குதிரும் சிறுவாடும் சீட்டும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் அமைந்த கிளியனூர், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற அகத்தீசுவரர் ஆலயத்தால் சைவ உலகத்தில் திருக்கிளியன்னவூர் என்று பெயர் பெற்றிருப்பினும், மற்றபடி சரித்திர நூல்களில் அதிகமாகப் பேசப்படும் ஊரன்று. அண்டையிலுள்ள பெருமுக்கல் மலைக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருது கொண்ட கதையை எழுதியவர்கள் உண்டு; ஆனால் அந்தக் கோட்டைக்கும் புதுச்சேரி மதிலுக்கும் நடுவே, ஏரி நிரம்பினால் மட்டும் நெல் காணும் கொஞ்சம் நஞ்சையையும், மழையை நம்பிய செம்மண் புன்செயையும் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருகிற வருமானத்தில் வருஷம் முழுவதும் அடுப்பெரித்த குடும்பங்கள் அதை எவ்விதம் சாதித்தன என்ற விஷயத்தை எழுதப் புகுந்தவர்கள் மிகச் சிலரே. வருமானம் மொத்தமாக வருவது, செலவு தினந்தோறும் வருவது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கடப்பதற்கு இப்பிரதேசத்து ஜனங்கள் காலத்துக்குக் காலம் கண்டுபிடித்த உபாயங்களே இக்கட்டுரையின் பொருள்.

அந்த உபாயங்களில் மிகப் பழமையானதைக் கோயில் கல்வெட்டுகளில் காணலாம். சோழர் காலத்துத் தமிழ்நாட்டில் சந்நிதியில் நந்தா விளக்கு ஒன்று எரிக்க விரும்பியவர், பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டார். அவற்றை ஏற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையர், நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்து வரவேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடுகள் என்று குறிக்கின்றன. ஆடு சாகாமலும் கிழடு தட்டாமலும் இருக்குமா என்று கேட்பவருக்குப் பதில் எளிது: செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது ஏற்றுக்கொண்டவனின் பொறுப்பு. பொன்னாகக் கொடுத்தவர்களும் உண்டு. அதை ஊர்ச்சபையார் வாங்கி வைத்து, பொலிசையை, அதாவது வட்டியை, கொண்டு தர்மத்தை நடத்தினார்கள். முதல் முதலாகவே இருக்கவேண்டும், பலன் மட்டும் செலவாகவேண்டும் என்ற இந்த விதியைக் கோயில் கற்றுக்கொடுத்துக் குடும்பம் கற்றுக்கொண்டதென்று நான் சொல்ல மாட்டேன். விதைக்கென்று எடுத்து வைத்த தானியத்தைப் பஞ்சம் வந்தாலும் தொடாதிருந்த குடியானவனிடமிருந்தே கோயில் அதைக் கற்றுக்கொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்குள் இந்த விதி குதிர் என்ற உருவத்தில் நின்றது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெழுகிய குதிரும், மூங்கிலால் பின்னிச் சாணம் பூசிய தொம்பையும் கூடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவை வெறும் பாத்திரங்களாக இருந்ததில்லை. மேலே கொட்டி நிரப்பி, கீழே உள்ள சிறு வாயை வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைத்துவிட்டால், அதைத் திறப்பதென்பது நாள் பார்த்துச் செய்யவேண்டிய காரியமாகிவிடும். நினைத்தபோதெல்லாம் கைவிட்டு அள்ளிக்கொள்ள முடியாது. பூட்டும் சாவியும் திருடனுக்காக ஏற்பட்டவை. குதிரின் அடைத்த வாயோ வீட்டுக்காரர்களுக்காகவே ஏற்பட்டது. இதற்குப் பின்னால் வந்த உண்டியல், சீட்டு, வைப்புத்தொகை ஆகிய யாவும் இந்தச் சூட்சுமத்தின் மறுபிறவிகளே என்று எனக்குத் தோன்றுகிறது.

குதிரிலிருந்து வெளிவந்த தானியத்தை அளந்து கொடுக்கும் அதிகாரம் மாமியாரிடம் இருந்தது. இன்றைக்கு எத்தனை பேர், வந்த விருந்தாளி இரவும் தங்குவாரா, களையெடுக்க வந்த ஆட்களுக்குக் கூழா சோறா என்பனவற்றையெல்லாம் மனத்துக்குள் கணக்கிட்டுப் படியிலும் ஆழாக்கிலும் அளந்து போடும் அந்த அம்மாள், அளந்து முடித்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு பானையில் போடுவதும் வழக்கமாயிருந்தது. உண்பவர்களுக்கு அந்தக் குறைவு தெரியாது; மாதக் கடைசியில் அந்தப் பானை கைகொடுக்கும். இப்பழக்கத்தைத் தர்மத்துக்குத் திருப்பிவிட்ட பெரியவர் ஒருவரும் அன்று தென்னார்க்காடு என்றிருந்த இந்த ஜில்லாவைச் சேர்ந்தவரே. 1894-ஆம் ஆண்டு விழுப்புரத்தில் பிறந்து, திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கையில் 1907-இல் காஞ்சி காமகோடி பீடத்துக்கு அழைக்கப்பட்ட சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பிற்காலத்தில் ஒவ்வொரு இல்லத்தரசியும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியையும் ஒரு காசையும் எடுத்து வைத்தால் அதைக்கொண்டு ஏழைகளுக்கு அன்னம் வழங்கலாம் என்று பிடியரிசித் திட்டத்தை ஏற்படுத்தினார். வடகிழக்கே மிசோரம் மலைகளில் கிறிஸ்தவப் பெண்கள் இதே மாதிரி சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்து வருகிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு பிரதேசத்துச் சமையலறைகள் ஒரே வழியைக் கண்டன என்றால், அரிசி அளக்கும் கையே அதைக் காட்டிக்கொடுத்திருக்கவேண்டும்.

தானியம் போக மற்றவற்றுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மாசி பங்குனியில் புளி வாங்கிக் கொட்டையெடுத்து உப்புச் சேர்த்துப் பானையில் அமுக்குவார்கள்; சித்திரை வெயிலில் மிளகாயைக் காயப்போடுவார்கள்; அதே வெயிலில் சின்ன வெங்காயத்தை இடித்து, கடுகும் உளுந்தும் பூண்டும் கலந்து தாளிப்பு வடகம் உருட்டுவார்கள்; துவரையைச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள். மரக்காணத்து அளத்து உப்பும், கடற்கரைக் குப்பங்களிலிருந்து கூடையில் வரும் கருவாடும் மழைக்காலத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிடும். எல்லாம் அடுக்குப் பானைகளில், எது அடியில் எது மேலே என்பது வீட்டுப் பெண்ணுக்கு இருட்டிலும் தெரியும்படி அடங்கியிருக்கும். விலை இறங்கியிருக்கும் பருவத்தில் வாங்கி, ஏறும் பருவத்தில் சந்தைக்குப் போகாமலிருப்பது வியாபாரியின் சாமர்த்தியம் என்றால், அந்தச் சாமர்த்தியத்தை லாபம் என்று பெயரிடாமலே நடத்தியவர்கள் இவர்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குதிரும் அடுக்குப் பானையும் நிலமுள்ள வீட்டின் சாமான்கள். அன்றாடக் கூலியாகத் தானியம் வாங்கி அன்றாடம் குத்திச் சமைத்த சேரிக் குடும்பங்களுக்கு, புளி மலிவாக விற்கும் மாதமும் கிராக்கியாக விற்கும் மாதமும் ஒன்றுதான். மொத்தமாக வாங்குவதற்கு முதலில் மொத்தமாகக் கையில் காசு இருக்கவேண்டுமே.

காசு வந்தது மல்லாட்டையோடு. நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் மற்ற ஜில்லாக்காரர்கள் சொல்வதை இங்கே மல்லாட்டை என்பார்கள், பத்திரங்களில் மணிலா என்று எழுதுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு இந்தப் பருப்பு தேவைப்பட, புதுச்சேரித் துறைமுகம் அதன் வாசலாயிற்று. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதையும் வந்தது. கம்பும் வரகும் விதைத்த காடுகளில் மணிலா பரவி, தென்னார்க்காடு இப்பயிருக்குப் பேர் போன ஜில்லாவாயிற்று. பின்னாளில் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத் தேசமெங்கும் கொண்டு சென்றன.

குதிருக்குள் அடங்கிய செல்வத்துக்கும் கையில் ஏந்திய ரூபாய்க்கும் குணத்தில் பெரிய பேதம் உண்டு. தானியம் கனமானது, ஒரே நாளில் தீர்ந்துவிடாது, பூச்சியைத் தவிர வேறு எவரும் இரகசியமாகத் தின்ன முடியாது. ரூபாயோ மடியில் முடிந்துகொண்டு எங்கும் போகக்கூடியது. அதோடு, அந்த ரூபாயும் பல சமயம் விளைவதற்கு முன்னாலேயே செலவாகியிருந்தது: ஆடியில் விதைப்புக்கு முன்பணம் கொடுத்த மண்டிக்காரர், கார்த்திகையில் அவர் சொன்ன விலைக்கே காயை அளந்து எடுத்துக்கொள்வார். 1895-இல் அறிக்கை எழுதிய அரசாங்க அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன், சென்னை மாகாணத்துக் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என்று மதித்தார். 1930-இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதே கடனை 150 கோடி என்று மதித்தது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தபோது, இதே ஜில்லாவில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டும் அவற்றுள் ஒன்றாயிற்று. 1918-இல் நூலாக வெளிவந்த அந்த ஆராய்ச்சிக்குப் பின்னும் அவ்வூர் பன்முறை மறு ஆய்வு செய்யப்பட்டது. இம்மாதிரி விசாரணைகள் நிலத்தையும் கடனையும் கூலியையும் நன்றாகவே எழுதின. வீட்டுக்காரி அடுக்குப் பானையில் என்ன வைத்திருந்தாள் என்பது மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் வைத்திருந்ததற்குச் சிறுவாடு என்று பெயர். மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு, வாரத்துக்கு விட்ட வெள்ளாட்டின் குட்டியில் பாதி, பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு வந்த வரிசைப் பணம், கணவன் கொடுத்த சந்தைச் செலவில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது ஆகியவை சுருக்குப் பையிலும், கடுகுப் பானையிலும், கூரை இடுக்கிலும் சேர்ந்தன. இந்தப் பிரதேசத்தில் அது இரகசியமாக இருக்கவேண்டியதற்கு விசேஷ காரணம் ஒன்று உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோது, இங்கிருந்து மாட்டு வண்டியில் போய்வரக்கூடிய தூரத்திலேயே பிரெஞ்சு எல்லை இருந்தது. அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு இல்லை. 1954 நவம்பர் 1 முதல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் அங்கே கடைகள் மூடப்படவில்லை. மற்ற ஜில்லாக்களில் சட்டம் செய்த காவலை இவ்விடத்தில் கடுகுப் பானைதான் செய்யவேண்டியிருந்தது. சிறுவாடு என்பது புருஷனை ஏமாற்றும் தந்திரம் என்று ஏளனமாக எழுதிய ஹாஸ்யக் கதாசிரியர்களுக்கு, திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடிய சாலையின் பூகோளம் தெரியாது போலும்.

வீட்டுக்குள் ஒளித்து வைத்த பணத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது பெருகாது. மற்றொன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அது போதாது. இவ்விரண்டையும் தீர்க்கவே சீட்டு ஏற்பட்டது. அதன் இயக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சற்று விவரிக்கிறேன். 20 பேர் சேர்ந்து, மாதம் 5 ரூபாய் வீதம் 20 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 100 ரூபாய் திரளும். யாருக்கு அவசரமோ அவர்கள் ஏலம் கேட்பார்கள். ஒருவர் 20 ரூபாய் தள்ளி எடுக்கச் சம்மதித்தால் அவருக்கு 80 ரூபாய் கிடைக்கும். தள்ளுபடியான 20 ரூபாய் எல்லாருக்கும் பங்காகி, அந்த மாதம் ஒவ்வொருவரும் 4 ரூபாய் கட்டினால் போதும். எடுத்தவர் மறுபடி ஏலம் கேட்க முடியாது, ஆனால் கடைசி வரை கட்டிவரவேண்டும். ஆக, முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது வட்டியோடு கூடிய சேமிப்பு. ஒரே ஏற்பாடு, அவரவர் தேவைக்குத் தக்கபடி வேறு வேறு முகம் காட்டுகிறது. ஏலம் கேட்க விரும்பாதவர்களுக்குப் பெயரெழுதிக் குலுக்கிப் போடும் குலுக்கல் சீட்டும், பண்டிகைக்காக மட்டும் சேரும் தீபாவளிச் சீட்டும் இருந்தன.

இதற்கு அஸ்திவாரம் சட்டமல்ல. சீட்டு பிடிப்பவர் இன்ன தெருவில் இன்ன வீட்டில் இருக்கிறார், அவர் பெண் நாளைக்கு நம் வீட்டு வழியாகத்தான் தண்ணீருக்குப் போகவேண்டும் என்ற அறிவே அதன் ஜாமீன். சீட்டு கட்டத் தவறுவது வங்கியில் தவணை தவறுவது போலன்று. பத்தொன்பது வீட்டுத் திண்ணைகளில் தலைகுனிய வேண்டியிருக்கும். அந்தத் தலைகுனிவுக்கு அஞ்சியே, கையில் இருந்தால் செலவாகிப் போகும் 5 ரூபாய் மாதந்தோறும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆயினும் சீட்டு பிடித்தவர் ஓர் இரவில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போன கதை இல்லாத தாலுகாவும் கிடையாது. சென்னை ராஜ்யத்தில் 1961-இலும், தேசம் முழுவதற்குமாக 1982-இலும் சீட்டு நிதிச் சட்டங்கள் வந்தன. பதிவு, பிணையம், தணிக்கை என்று அவை கேட்டவற்றையெல்லாம் பட்டணத்துக் கம்பெனிகள் கொடுத்தன. தெருச் சீட்டு பழையபடி ஒரு நாற்பது பக்க நோட்டிலேயே நடந்தது.

அப்படியானால் தபாலாபீஸ் எங்கே போயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். 1882 ஏப்ரல் 1 முதல் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி திறந்தது உண்மைதான். ஆனால் கையெழுத்தும் சாட்சியும் கேட்ட அந்தச் சாளரம், சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தருக்கு உதவிய அளவுக்கு, சேலைத் தலைப்பில் காலணாக்களை முடிந்து வந்த பெண்ணுக்கு உதவவில்லை. 1904-இன் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் ஏற்பட்ட சங்கங்களோ கடன் கொடுப்பதில் காட்டிய ஊக்கத்தைச் சிறுதொகை வாங்கி வைப்பதில் காட்டவில்லை. பெரிய இடத்தை நம்பினவர்கள் மட்டும் க்ஷேமமாக இருந்தார்களா? 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வெள்ளைக்காரர் கம்பெனியில் போட்ட பணம் கல்லில் எழுதிய எழுத்து என்று எண்ணியிருந்த வக்கீல்களும் விதவைகளும் பென்ஷன்காரர்களும் ஒரே நாளில் நிர்க்கதியானார்கள். அந்த அடியின் விளைவாக மறு வருஷமே இந்தியன் வங்கி தோன்றியது வேறு கதை.

கிளியனூர்ப் பக்கத்துக் குடியானவர், வங்கி என்று பெயரில்லாத ஒரு வங்கியைத் தாமே நட்டுக்கொண்டார்கள். மணற்பாங்கான புன்செயில் சவுக்குக் கன்றுகளை வைத்து, முதல் வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டால், பிறகு நாலைந்து வருஷத்துக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் விறகாகவும் கட்டடத்துக்குச் சாரமாகவும் அது விலை போகும். பெண் வயதுக்கு வந்த ஆண்டில் நட்ட தோப்பைக் கல்யாணத்துக்கு வெட்டுவதுண்டு. பாதியில் வெட்டினால் பாதி விலை கூடக் கிடைக்காது என்பதே அதன் காவல்.

கணக்கு எழுதும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1736 முதல் 1761 வரை தினந்தோறும் நடந்ததை எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்தது இங்கிருந்து சில மணி நடைத் தூரத்துப் புதுச்சேரியில்தான். ஆயினும் நாள்வழியும் பேரேடும் வியாபாரியின் வீட்டோடு நின்றுவிட்டன. குடியானவர் வீட்டுப் பால் கணக்கு சுவரில் சுண்ணாம்புப் புள்ளிகளாக இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் அதைத் தீர்த்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் சாட்சி இல்லாமற் போகும். எழுத்தில் இருந்த ஒரே குடும்பக் கணக்கு மொய் நோட்டுதான்: நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று தகரப் பெட்டியில் பத்திரமாகக் காத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வதற்கான தஸ்தாவேஜு. ஜப்பான் தேசத்தில் ஹானி மோட்டோக்கோ என்ற அம்மையார் 1904-இலேயே குடும்பக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு இல்லத்தரசிகள் கையில் கொடுத்தார். நம் பெண்கள் அப்படி ஒன்றுமில்லாமல் மனக்கணக்காகவே நடத்தினார்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து, ஓரணாவுக்கு ஆறு பைசா என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தபோது, நாலணாவுக்கு இருபத்தைந்து கிடைக்க ஒன்று ஒன்றாக மாற்றினால் இருபத்துநாலே கிடைப்பானேன் என்று கேட்டவர்களும் அவர்களே.

அந்த மனக்கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இறங்கியது 1990-களில்தான். 1983-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் தென்னார்க்காட்டுக்கும் வந்தது; 1993-இல் அதிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 12 முதல் 20 பெண்கள், ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, ரொக்கப் புத்தகம் என்று அதன் அமைப்பைப் பார்த்தபோது, அதிகாரிகளுக்குப் புதுமையாகத் தோன்றியது பெண்களுக்குப் பழகிய சீட்டாகவே தெரிந்திருக்கும். புதுமை இரண்டுதான்: பணம் வங்கியில் இருந்தது, பெயர் பெண்ணுடையதாக இருந்தது. அதுகாறும் நிலத்துக்குப் பட்டாவும், மணிலாவுக்கு மண்டிச் சீட்டும் ஆண் பெயரிலேயே வந்த வீடுகளில், அவள் பெயர் எழுதிய முதல் கணக்கு அதுவாகவே இருந்திருக்கக்கூடும். பின்னர் வீட்டு வாசலுக்கே வந்து குழுக்கடன் கொடுக்கும் கம்பெனிகள் பெருகி, சேமிக்க ஏற்பட்ட குழு வாராந்தரத் தவணைக்கு அலையும் குழுவாக மாறிய கதை வேறு; அதை எழுத இன்னும் சில காலம் போகவேண்டும்.

குழு வந்ததால் கடுகுப் பானை ஒழியவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களெங்கும் சிறுவாடு முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. மாற்றுவதற்கு வரிசையில் நிற்கவேண்டும், அடையாள அட்டை காட்டவேண்டும், அநேகமாகக் கணவனிடமோ மகனிடமோ கொடுத்தனுப்பவேண்டும். பல வருஷமாக ஒருவரும் அறியாதிருந்த தொகை ஒரே வாரத்தில் வீடு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பணம் போகவில்லை, மறைவு போயிற்று. அதன் பின் சிறுவாட்டை வங்கிக் கணக்கில் போட்ட பெண்களுக்கு ஒரு புது இடைஞ்சல் ஏற்பட்டிருக்கிறது: வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசியாகவும், அது கணவனுடையதாகவும் இருந்தால், அவள் போடுவதும் எடுப்பதும் குறுஞ்செய்தியாக அவன் சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. அதனாலேயோ என்னவோ, ஊரில் ஏடிஎம் வந்த பிறகும், மாலையில் நோட்டோடு தெருவைச் சுற்றி வரும் சீட்டுக்கார அம்மாளுக்குக் கிராக்கி குறையவில்லை.